ஹெட் ஒர்க்ஸுக்குக் கீழே ஆறு எங்கே போனது?
முதிரப்புழை ஆறு: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய மூணாறைத் தாண்டி அடிமாலி ரோட்டில் கொஞ்சம் இறங்கினால் ஹெட் ஒர்க்ஸ் டேம் வரும். மாசி மாதத்தில் அங்கே நின்று பாருங்கள். மேல்பக்கம் தண்ணீர் பாசி நிறத்தில் தேங்கிக் கிடக்கும். கீழ்ப்பக்கம் பாறைதான். குழிகளில் ஒட்டியிருக்கும் தண்ணீர், இடுக்குகளில் சிக்கிய பாலித்தீன் பை, நடுவில் தாண்டிக் குதிக்கிற அளவுக்கு ஓர் ஓடை. போடியிலிருந்து நான் கூட்டிப்போன ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டான்: "மூணு ஆறு சேர்ற ஊருன்னு சொன்னீங்க டீச்சர். ஒண்ணையும் காணோமே?"

நியாயமான கேள்வி. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கே அந்தக் கேள்வி முப்பது வயதுக்கு மேல்தான் தோன்றியது. பக்கத்திலேயே இருந்தால் எதுவும் கண்ணில் படாது. பையனுக்கு அன்று பஸ் சத்தத்தில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன்.

முதலில் ஊர்ப் பெயர். குண்டளையாறு, நல்லதண்ணியாறு, முதிரப்புழை மூன்றும் கூடுகிற இடம் என்பதால் மூணாறு. கூடியபின் கீழே போகிற ஆற்றுக்கு முதிரப்புழை என்றே பெயர். மலையாளத்தில் முதிர என்றால் கொள்ளு. நம் பழைய தமிழிலும் முதிரை என்றால் பயறு வகை. பெயர் எப்படி வந்ததென்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதை விடுவோம். 2,695 மீட்டர் உயர ஆனைமுடியின் சரிவுகளும், தமிழ்நாட்டு எல்லையில் டாப் ஸ்டேஷன் வரை நீளும் புல்மேடுகளும் சோலைகளும் இந்த ஆற்றுக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. பனிமலை கிடையாது. கிடைப்பதெல்லாம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி கார்த்திகையில் வரும் மிச்சமும்தான். அதைச் சோலைக்காட்டு மண் பஞ்சு மாதிரி பிடித்துவைத்து மெல்லக் கசியவிடும். காட்டை வெட்டித் தேயிலை வைத்த சரிவுகளில் அந்தப் பிடிப்பு குறைவு. மழை நின்ற வேகத்தில் ஓடையும் நிற்கும்.

இந்த மேட்டிலிருந்து ஆறு இறங்குகிற வேகத்தில்தான் கதையே இருக்கிறது. மூணாறு சுமார் 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதிரப்புழை பெரியாற்றில் போய்ச் சேரும் பனங்குட்டி 250 மீட்டர் சொச்சம். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் 1,200 மீட்டர் இறக்கம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், மேட்டூர் அணையில் முழுக் கொள்ளளவில் நிற்கும் காவிரித் தண்ணீர் பூம்புகாரில் கடலைத் தொடும்வரை இறங்குவது மொத்தமே 240 மீட்டர்தான்.

ஒரு குடம் தண்ணீர்

நீர்மின்சாரம் என்றதும் பெரிய ஆறு, பெரிய அணை என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பாடப்புத்தகப் படங்களும் அப்படித்தான். முதிரப்புழை பெரிய ஆறில்லை. கோடையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே கடந்துவிடலாம். ஆனால் மின்சாரத்துக்கு இரண்டு விஷயம் வேண்டும்: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து. இரண்டையும் பெருக்கித்தான் கணக்கு. ஒன்று குறைந்தால் மற்றது ஈடுகட்டும்.

ஹெட் ஒர்க்ஸில் தடுத்த தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் போய், மறுபக்கம் சரிவில் இரும்புக் குழாய்களில் பாய்கிறது. பள்ளிவாசல் பக்கம் போகிறவர்கள் மலைமேலிருந்து கீழே வரை கோடு கிழித்தமாதிரி கிடக்கும் அந்தக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். விழுகிற உயரம் ஏறக்குறைய 600 மீட்டர். அவ்வளவு அழுத்தத்தில் வரும் தண்ணீரை ஒரு மூக்கின் வழியாகப் பீய்ச்சி, கிண்ணம் கிண்ணமாகக் கோத்த சக்கரத்தின்மேல் அடிப்பார்கள். அதற்குப் பெல்டன் சக்கரம் என்று பெயர். குறைந்த தண்ணீர், அதிக உயரம் என்றால் இதுதான் சரிப்படும்.

பையன்களிடம் நான் சொல்கிற கணக்கு இது. இடுப்பில் தூக்குகிற ஒரு குடத்தில் 15 லிட்டர் என்று வையுங்கள். 600 மீட்டர் விழுந்தால், இயந்திரத்தில் வீணாவது போக, 9 வாட் எல்.இ.டி. பல்பை இரண்டேகால் மணி நேரம் எரிக்கும். வினாடிக்கு ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் விட்டால் 5 மெகாவாட். பள்ளிவாசல் பழைய மின்நிலையத்தின் மொத்தத் திறன் 37.5 மெகாவாட். அதற்கு வினாடிக்கு ஏழரை கன மீட்டர் போதும். பத்து மீட்டர் உயரமே உள்ள ஒரு தடுப்பணையில் இதே மின்சாரத்தை எடுக்க வேண்டுமென்றால் அறுபது மடங்கு தண்ணீர் வேண்டும்.

அந்த ஏழரை கன மீட்டர்தான் பையன் தேடிய ஆறு. மாசி பங்குனியில் ஆற்றில் அவ்வளவு வருவதே பெரிய விஷயம். வருவதைச் சுரங்கம் வாங்கிக்கொள்கிறது. பாறைக்கு மிஞ்சுவது கசிவுதான்.

பவர் ஹவுஸ் முதலில், அணை பிறகு

கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் பள்ளிவாசல். திருவிதாங்கூர் சமஸ்தானக் காலம். மன்னர் சித்திரைத் திருநாள், திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர். மின்நிலையத்தை ஒட்டிய ஊர் சித்திரபுரம், ஹெட் ஒர்க்ஸ் அணைக்கு ராமசாமி அய்யர் பெயர். இருவர் பெயரும் அந்தச் சரிவிலேயே நிலைத்துவிட்டன. 1940 மார்ச் 19-ல் முதல் இயந்திரம் ஓடியது. அதற்கு வெகுமுன்பே, நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, தேயிலை ஆலைகளுக்காகத் தோட்டக் கம்பெனி இதே ஆற்றில் சின்ன அளவில் மின்சாரம் எடுத்துவந்தது. ஆக, இந்தச் சரிவின் அருமையை முதலில் கண்டுகொண்டது கொழுந்து உலர்த்துகிறவர்கள்தான்.

மின்சாரம் போன இடத்தையும் சொல்ல வேண்டும். அது மலையில் தங்கவில்லை. ஆலுவாப் பக்கம் இறங்கியது. அங்கே ஏலூரில் 1943-ல் இந்தியாவின் முதல் அலுமினிய உருக்காலை வந்தது. அலுமினியம் எடுப்பதென்றால் கரண்டைக் குடித்துத்தான் எடுக்க வேண்டும்; மலிவான மின்சாரம் இல்லாத ஊரில் அந்த ஆலைக்கு வேலையே இல்லை. பிறகு உர ஆலையும் வந்தது. என் அம்மா மலைக்குச் சோறு கொண்டுபோன அலுமினியத் தூக்குவாளியில் எங்கள் ஆற்றுத் தண்ணீரும் கொஞ்சம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் லயத்துக்கு மீட்டர் பெட்டி வந்தது நான் ஆறாவது படிக்கும்போதுதான். அதுவரை மண்ணெண்ணெய் விளக்கு. அணைக்கரையில் இருந்துகொண்டு இருட்டில் படித்தோம் என்று இன்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

இந்தத் திட்டத்தில் என்னை எப்போதும் யோசிக்கவைப்பது அதன் வரிசை. பொதுவாக அணை கட்டி நீரைத் தேக்கி, பிறகு மின்நிலையம் என்று நினைப்போம். இங்கே தலைகீழ். ஹெட் ஒர்க்ஸ் என்பது தண்ணீரைத் திருப்பிவிடும் தடுப்புதான். சேமிக்கிற அணை இல்லை. மழைக்காலத்தில் தண்ணீர் மிஞ்சி வழியும்; கோடையில் இயந்திரம் காயும். அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் மேலே குண்டளையில் 1940-களின் பிற்பகுதியில் ஓர் அணை வந்தது. சேது பார்வதிபுரம் அணை என்பது அதன் ஏட்டுப் பெயர். வளைவு அணை, படகுவிடும் இடம் என்றால் சுற்றுலாக்காரர்களுக்குத் தெரியும். அதுவும் போதாமல் 1953-ல் மாட்டுப்பட்டி அணை.

நம் ஊர் டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) கணக்கில் சொன்னால் மாட்டுப்பட்டி ஏறக்குறைய 2 டி.எம்.சி., குண்டளை கால் டி.எம்.சி.க்குச் சற்று அதிகம். மேட்டூர் 93, இடுக்கி 70. மாட்டுப்பட்டி நிரம்பியிருந்தால் பள்ளிவாசலை ஆற்றில் ஒரு சொட்டு வராவிட்டாலும் எண்பத்தைந்து நாள் ஓட்டலாம். தை முதல் பங்குனி முடிய என்று வையுங்கள். கோடையைத் தாண்டுகிற அளவுக்கு அளந்து கட்டியிருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

படிக்கட்டு

பள்ளிவாசலில் சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் அழுக்காவதில்லை, குறைவதும் இல்லை. உயரத்தை மட்டும்தான் இழந்திருக்கிறது. கீழே இன்னும் அறுநூறு மீட்டர் இறக்கம் பாக்கி. அதை ஏன் விட வேண்டும்?

1954-ல் செங்குளம் வந்தது, 48 மெகாவாட். இதன் உத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பள்ளிவாசலில் வெளியே வரும் தண்ணீரைப் பம்பு வைத்து மேலே ஏற்றிச் செங்குளம் நீர்த்தேக்கத்தில் விடுகிறார்கள். மின்சாரம் எடுக்க மின்சாரம் செலவழித்துத் தண்ணீரை ஏற்றுவதா என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் ஏற்றினால் பக்கத்துச் சரிவில் அதைவிட மிக அதிகமாக விழவைக்கலாம், அதுதான் லாபம். விளைந்த காயைப் பத்து ரூபாய் கொடுத்து ஆட்டோவில் ஏற்றி, சந்தையில் நூறு ரூபாய் கூடுதலாக விற்கிற கணக்கு. அந்தத் தண்ணீர் வெள்ளத்தூவலில் இறங்குகிறது.

வெள்ளத்தூவலில் இன்னொரு தண்ணீரும் வந்து சேரும். தேவிகுளத்துக்குக் கிழக்கே சின்னக்கானல், சூரியநெல்லி, பூப்பாறைப் பக்கத்து மழையெல்லாம் பன்னியாற்றில் சேருகிறது. அதன் குறுக்கே ஆனையிறங்கலிலும் பொன்முடியிலும் அணைகள். ஆனை இறங்குகிற இடம் என்பதால் ஆனையிறங்கல். பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. 2023-ல் தமிழ்நாடு, கேரளம் இரண்டையும் ஆட்டிவைத்த அரிக்கொம்பன் அந்தப் பக்கத்து யானைதான். ஏப்ரல் கடைசியில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே மாதம் அது கம்பம் டவுனுக்குள் நடந்து வந்தது. எங்கள் பள்ளியில் அந்த வாரம் யாரும் பாடம் கேட்கவில்லை.

பன்னியாறு மின்நிலையத்தில் 2007-ல் குழாய் வெடித்து உயிர்கள் போயின. 600 மீட்டர் உயரத் தண்ணீர் குழாயின் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 60 கிலோ எடை வைத்த மாதிரி அழுத்தும். பன்னியாற்றில் உயரம் அதைவிடக் குறைவு. ஆனாலும் அங்கே நடந்ததை வெள்ளத்தூவல்காரர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள்.

செங்குளத் தண்ணீர், பன்னியாற்றுத் தண்ணீர், வழியில் ஓடைகள் கொண்டுவருவது எல்லாம் சேர்ந்து கல்லார்குட்டி அணையில் நிற்கும். அங்கிருந்து மறுபடியும் சுரங்கம், மறுபடியும் குழாய், பனங்குட்டியில் நேரியமங்கலம் பவர் ஹவுஸ். 1961-ல் 45 மெகாவாட்டில் தொடங்கியது, பிற்பாடு கூட்டினார்கள். அது முடிந்து பெரியாற்றில் கலந்தால், கொஞ்ச தூரத்திலேயே பாம்பளா அணை பிடித்துக்கொள்ளும். 1997-ல் வந்த லோயர் பெரியாறு, 180 மெகாவாட். அதையும் தாண்டினால் பூதத்தான்கெட்டு, அப்புறம் ஆலுவாவில் குடிதண்ணீர்.

எண்ணிப் பாருங்கள். குண்டளையில் பெய்த மழை நாலு பவர் ஹவுஸைச் சுற்றிவிட்டுத்தான் கொச்சிக்காரர் வீட்டுக் குழாய்க்குப் போகிறது. நம் குடத்தின் கணக்கில் பனங்குட்டி வருவதற்குள் அதே பதினைந்து லிட்டர், பம்புக்கும் கசிவுக்கும் கழித்தபின் நாலு மணி நேரம் பல்பு எரித்திருக்கும். இடுக்கியை இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அங்கே பெரியாற்றின் தண்ணீரை மூலமற்றத்தில் இறக்கியபின் அது பெரியாற்றுக்குத் திரும்புவதில்லை. தொடுபுழை வழியாக மூவாற்றுப்புழை ஆற்றுக்குப் போய்விடுகிறது. முதிரப்புழை தன் பள்ளத்தாக்கை விட்டுப் போவதில்லை. சுரங்கத்தில் மறைந்து மறைந்து, அதே பள்ளத்தாக்கில் கீழே வந்து எட்டிப் பார்க்கிறது. ஹெட் ஒர்க்ஸுக்கும் வெள்ளத்தூவலுக்கும் நடுவில் ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்குத்தான் ஆறு இல்லை.

இதெல்லாம் கேரளத்துக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை 1956-ஐ நினைத்தால் தெரியும். மொழிவாரி மாநிலம் பிரிக்கையில் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் பலமாக நடந்தது. தமிழ் பேசுகிறவர்கள்தான் அங்கே அதிகம். ஆனாலும் இரண்டும் கேரளத்தில் நின்றன. தோட்டத் தமிழர்கள் பிழைக்க வந்தவர்கள் என்ற வாதமும், மலையின் பொருளாதார முக்கியத்துவம் என்ற வாதமும் அன்று பேசப்பட்டவை. தேயிலை, ஏலக்காயோடு இந்தப் படிக்கட்டும் அந்த முக்கியத்துவத்தில் அடக்கம். எங்கள் பெரியப்பா சாகும்வரை, "நம்மள யாரு கேட்டா? ஆத்தத்தான் கேட்டாங்க" என்பார். கோபமாக அல்ல, பீடியைத் தட்டிக்கொண்டே சொல்வார்.

ஆடியில் வரும் ஆறு

மாசியில் கேட்ட கேள்விக்கு ஆடியில் வேறு பதில். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தை மலையாளிகள் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099. அப்போது இந்த அணை ஒன்றுகூடக் கிடையாது. மாட்டுப்பட்டியில் மலை சரிந்து ஆற்றை அடைத்ததாகவும், பின்னால் தேங்கிய தண்ணீர் அதை உடைத்துக்கொண்டு மூணாறில் பாய்ந்ததாகவும் சொல்வார்கள். அந்த வெள்ளத்தில் போனவற்றில் ஒன்று குண்டளை ரயில். ஆம், மூணாறில் ரயில் ஓடியது. 1902-ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் இரண்டடி அகலப் பாதையாக மாறி, டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளை ஏற்றிப்போனது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி ஓடும் தொட்டியில் மலையடிவாரக் கொட்டக்குடிக்கு இறக்கி, போடிக்குக் கொண்டுவருவார்கள். 1924-க்குப் பிறகு அந்த ரயில் ஓடவில்லை. ஆலுவாவிலிருந்து மூணாறு வந்த பழைய ரோடும் அழிந்தது. இன்று நாம் போகும் நேரியமங்கலம், அடிமாலி ரோடு அதற்குப்பின் வந்தது; நேரியமங்கலம் பாலம் 1935.

2018 ஆகஸ்டில் மறுபடியும் வெள்ளம். பழைய மூணாறு தண்ணீரில் நின்றது, மறையூர் ரோட்டில் பெரியவாரைப் பாலம் இடிந்தது, ஊர் தனித்தீவானது. உடனே இரண்டு பேச்சு. டேமைத் திறந்துவிட்டுத்தான் ஊரை மூழ்கடித்தார்கள் என்று ஒரு பக்கம். டேம் இல்லாவிட்டால் இன்னும் மோசம் என்று மறுபக்கம். டீக்கடையில் இரண்டையும் கேட்டிருக்கிறேன். என் கருத்தில் இரண்டுமே அணைகளுக்குத் தகுதிக்கு மேல் மரியாதை கொடுக்கின்றன.

கணக்குப் போடுவோம். நூறு சதுர கிலோமீட்டர் மலையில் ஒரே நாளில் 200 மில்லிமீட்டர் பெய்து அப்படியே ஓடிவந்தால் 2 கோடி கன மீட்டர். காலியாக இருக்கும் குண்டளை அணை இரண்டரை தடவை நிரம்பும். மாட்டுப்பட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். அதுவும் காலியாக இருந்தால்! கோடைக்கான சேமிப்பு அணையை ஆவணியில் யாரும் காலியாக வைத்திருக்க மாட்டார்கள். நிரம்பிய அணை மேலிருந்து வருவதைக் கீழே தள்ளத்தான் முடியும். அதைவிட முக்கியம், மூன்று ஆறுகளில் அணை இருப்பது குண்டளைப் பக்கம் மட்டும்தான். இடிந்த பெரியவாரைப் பாலத்துக்கு மேலே எந்த அணையும் கிடையாது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டவர்கள் யாரும் இல்லை.

அதற்காக மின்வாரியத்தைக் கேள்வியே கேட்கக்கூடாது என்று சொல்லவில்லை. ஷட்டரை எப்போது, எத்தனை சென்டிமீட்டர் தூக்கப்போகிறார்கள் என்பது கீழே இருக்கிற லயத்துக்கும் கடைக்காரருக்கும் அவர்கள் மொழியில், நேரத்தோடு தெரிய வேண்டும். ஒரு மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மைக் கட்டி அறிவித்துப்போன ஜீப் மலையாளத்தில் மட்டும் சொல்லிவிட்டுப் போனது. என் அத்தை அதைத் தேர்தல் பிரசாரம் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது சிரிக்கிறோம்.

மழைக்காலத்தில் ஹெட் ஒர்க்ஸைத் தாண்டி வழிந்து வீணாகும் தண்ணீரைப் பிடிக்கத்தான் பள்ளிவாசல் விரிவாக்கம், 60 மெகாவாட். பழைய நிலையத்தைவிடப் பெரியது. 2000-களில் தொடங்கிய வேலை இழுத்து இழுத்து 2024 கடைசியில்தான் மின்சாரம் தந்தது. அது முழுவீச்சில் ஓடினால், பாறை நனைந்து நிற்கும் மாதங்கள் இன்னும் குறையும். "வீணாகிற தண்ணீர்" என்று நான் எழுதியதே திட்டக்காரர்களின் சொல். அதில்தான் மீன் ஏறியது, அதில்தான் ஊரின் சாக்கடையும் கழுவிப்போனது. கோடையில் ஆற்றுக்கென்று கொஞ்சம் விடுங்கள் என்று கேட்டால், 600 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு குடத்துக்கும் விலை இருக்கிறது. அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. வினாடிக்கு நூறு லிட்டர் விட்டால் இழப்பு அரை மெகாவாட்.

பையனுக்கு வருவோம். பயணம் முடிந்ததும் எல்லோரையும் ஆற்றின் வரைபடம் வரைந்துவரச் சொல்லியிருந்தேன். அவன் குண்டளையிலிருந்து மூணாறு வரை நீல மையில் அழுத்தமாகக் கோடு போட்டிருந்தான். ஹெட் ஒர்க்ஸிலிருந்து வெள்ளத்தூவல் வரை விட்டு விட்டுக் கோடு. வரைபட இலக்கணத்தில் அப்படிப் போட்டால் மழைக்கால ஓடை என்று அர்த்தம். முதிரப்புழை வருடமெல்லாம் ஓடுகிற ஆறு, தொடர்கோடுதான் சரி என்று சிவப்பு மையை எடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். திருத்தாமல் ஐந்துக்கு ஐந்து போட்டுக் கொடுத்துவிட்டேன்.